சும்மா பணம் கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிப்படை வருமானம் பற்றி எங்கே பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். மாதாமாதம் கையில் காசு விழுந்தால் எவன் வேலைக்குப் போவான்? டீக்கடையில் இப்படியே கேட்கிறார்கள், பொருளாதாரம் படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்கிறார்கள். என்னிடம் மற்றவர்கள் கேட்டது, படிக்கும்போது எனக்கே தோன்றியது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அடிப்படை வருமானம் என்றால் சரியாக என்ன?

எல்லோருக்கும், ஆளுக்கு இவ்வளவு என்று, மாதாமாதம், பணமாக, நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுப்பது. ஏழையா என்று பார்ப்பதில்லை, வேலைக்குப் போகிறாயா என்று கேட்பதில்லை, எதற்குச் செலவு செய்தாய் என்றும் கேட்பதில்லை. இன்னொன்று முக்கியம், பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்: நீங்கள் வேலைக்குப் போய் நன்றாகச் சம்பாதிக்க ஆரம்பித்தாலும் இந்தப் பணம் நிற்காது. கீழே பல பதில்கள் கடைசியில் இங்கேதான் வந்து சேரும், அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத்தொகை இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் முழுக்க இது இல்லை. அதற்கு வருமான வரம்பு உண்டு, நில வரம்பு உண்டு, எத்தனை யூனிட் கரண்ட் எரிக்கிறீர்கள் என்ற வரம்புகூட உண்டு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வேலையை விட்டுவிடுவார்களா, மாட்டார்களா?

பெரும்பாலோர் விடுவதில்லை. சிலர் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள். நிறையப் பேர் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள், அதாவது அடுத்தவரிடம் கூலிக்குப் போவதைக் குறைத்துவிட்டுத் தன் நிலத்திலோ தன் கடையிலோ தன் தையல் மிஷினிலோ கூடுதல் நேரம் உட்காருகிறார்கள். ஏழை நாடுகளில் நடந்த சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த மூன்றாவதுதான். விவாதங்களில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

இந்தக் கேள்வியிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2016 ஜூனில் அடிப்படை வருமானத்துக்கு வாக்கெடுப்பே நடத்தினார்கள், 76.9 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், இந்தப் பணம் வந்தால் நீங்கள் வேலையை விடுவீர்களா என்று கேட்டதற்கு விடுவோம் என்றவர்கள் 2 சதவீதம்தான், நிலைமையைப் பார்த்து யோசிப்போம் என்றவர்கள் இன்னொரு 8 சதவீதம். சரி, மற்றவர்கள் விட்டுவிடுவார்களா என்று கேட்டால் மூன்றில் ஒருவர் ஆமாம் என்கிறார். நான் உழைப்பாளி, பக்கத்து வீட்டுக்காரன்தான் சோம்பேறி. நம் ஊர்த் திண்ணைப் பேச்சும் இதேதான், சுவிஸ்காரர்கள் அதைக் கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம். இந்தியாவில் யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் பக்கம். சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் கொடுத்த நிதியில் 2011-ல் ஆரம்பித்தது, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நடந்தது. 8 கிராமங்களில் எல்லோருக்கும் பணம், ஒப்பிட்டுப் பார்க்க 12 கிராமங்களில் யாருக்கும் இல்லை. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய், ஒரு வருடம் கழித்து அது 300, 150 என்று ஏறியது. இதுதவிர ஒரு பழங்குடி கிராமத்திலும் கொடுத்தார்கள், அங்கே முதலிலிருந்தே 300, 150. எல்லாம் சேர்த்து 6,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். பெண்ணின் பணம் பெண்ணின் கையில், பிள்ளைகளின் பணம் தாயின் கையில். ரேஷன் மாதிரி ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த எதையும் நிறுத்தவில்லை.

300 ரூபாய் என்ன பெரிய பணமா என்று தோன்றும். புருஷன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஒரு வீட்டை வைத்துக்கொண்டால் முதலில் 700 ரூபாய், பிறகு 1,050 ரூபாய். அந்தச் சமயத்தில் அங்கே நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 122 ரூபாய். அப்படிப் பார்த்தால் கடைசியில் அந்த வீட்டுக்கு வந்தது எட்டு ஒன்பது நாள் கூலி, அதுவும் மாதம் தவறாமல், தேதி தவறாமல். கூலி வேலையில் தேதி தவறாமல் எதுவும் வராது என்பது கூலிக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

என்ன நடந்தது? வேலை குறையவில்லை, மொத்தத்தில் கூடியது. குறைந்தது பிள்ளைகளின் கூலி வேலை, அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். பெரியவர்களில் கூலிக்குப் போவது குறைந்து சொந்த நிலத்தில் வேலை செய்வது கூடியது, பழங்குடி கிராமத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. துண்டு நிலம் இருந்தும் விதைக்கும் உரத்துக்கும் காசில்லாததால் அதைப் போட்டுவிட்டு அடுத்தவன் வயலுக்குப் போனவர்கள், காசு வந்ததும் தன் வயலுக்குத் திரும்பினார்கள். ஆடு மாடு வாங்கினார்கள். பெண்கள் சொந்தமாகச் செய்யும் வேலை கூடியது.

அந்தப் பக்கத்தில் கடனுக்காக வருடக் கணக்கில் பெரிய விவசாயி வீட்டில் வேலை செய்து கழிக்கிற முறை உண்டு, நௌகர் என்பார்கள், நம் பக்கம் பண்ணையாள் என்று சொன்ன அதே ஏற்பாடு. முன்பணம் வாங்கியாகிவிட்டது, அது அடைகிற வரைக்கும் வேறு எங்கேயும் போக முடியாது. கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்ததும் சில குடும்பங்கள் இதிலிருந்து வெளியே வந்தன, கடன் வாங்குவதும் குறைந்தது. இவர்கள் வேலையை விட்டார்களா என்று கேட்டால் பண்ணைக்காரர் ஆமாம் என்பார். அந்தக் குடும்பத்துக்காரரைக் கேட்டால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வயலில்தானே கிடக்கிறேன் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அப்போ கூலிக்கு ஆள் கிடைக்காது என்று விவசாயிகள் புலம்புவது உண்மைதானே?

பாதி உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் பத்து நாள்தான் கெடு, அந்தப் பத்து நாளில் ஆள் வரவில்லை என்றால் ஒரு போகமே போய்விடும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒன்றும் ஜமீன்தார் இல்லை, கூலி ஏறினால் அவர் கணக்கு உடனே உதைக்கும். அவர் கோபத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பதற்கும் ‘நான் கொடுக்கிற கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்பதற்கும் நிறைய வித்தியாசம். வேறு வழியே இல்லாத ஆள் எந்தக் கூலிக்கும் வருவார். கொஞ்சம் வழி இருக்கிற ஆள் பேரம் பேசுவார். அடிப்படை வருமானம் வந்தால் முதலில் மாறுகிற விஷயம் இந்தப் பேரம்தான். அதை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கூலி வாங்குகிற பக்கமும் கொடுக்கிற பக்கமுமாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2008-ல் ரேஷனில் கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆனபோது சொன்னார்கள், 2011 ஜூனில் அது இலவசம் ஆனபோது சொன்னார்கள், நூறு நாள் வேலை வந்தபோது இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்: இனிமேல் எவனும் வேலைக்கு வரமாட்டான், ஊரே சோம்பேறி ஆகிவிடும். இவ்வளவு வருடம் ஆகிவிட்டது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களை எண்ணினால் பத்தில் நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அரிசியால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு வேறு பல காரணம் உண்டு. சோம்பேறி ஆவார்கள் என்ற ஜோசியம் மட்டும் பலிக்கவில்லை.

சின்னத் தொகை என்பதால்தான் வேலைக்குப் போகிறார்கள். பெரிய தொகையாகக் கொடுத்துப் பார்த்தார்களா?

நியாயமான கேள்வி, அடிப்படை வருமானம் வேண்டும் என்பவர்கள் இதை அவசரமாகத் தாண்டிப் போவதும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ், இல்லினாய்ஸ் மாநிலங்களில் 2020 கடைசியில் ஆரம்பித்து மூன்று வருடம் ஒரு சோதனை நடந்தது, ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாம் ஆல்ட்மேன் முன்னின்று நிதி திரட்டியது. வருமானம் குறைந்த 1,000 பேருக்கு மாதம் 1,000 டாலர், ஒப்பீட்டுக்கு 2,000 பேருக்கு மாதம் 50 டாலர். 2024-ல் முடிவு வந்தது. பெரிய தொகை வாங்கியவர்களில் வேலையில் இருப்பவர்கள் 2 சதவீதப் புள்ளி குறைவு, வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள். ஆண்டுக்கு எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி ஓய்வுக்குப் போனது.

ஆக, குறைகிறது. இதை எதிர்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும், எண் எண்தான். வருடத்துக்கு 12,000 டாலர் சும்மா வந்தும் வேலையை அடியோடு விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதும் அதே தாளில் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது, பணக்கார நாட்டில் கைக்குப் பணம் வந்தால் வாங்குவதற்கு மிச்சமிருக்கும் ஒரு பொருள் நேரம். மத்தியப் பிரதேசத்துக் கிராமத்தில் வாங்க வேண்டியது விதை, ஆடு, தையல் மிஷின், அதாவது வேலை செய்யத் தேவையான பொருள்கள். ஒரே பணம், ஆனால் தடை வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னும் பெரிய உதாரணம் ஈரான். 2010 டிசம்பரில் பெட்ரோல், ரொட்டி போன்றவற்றுக்கான மானியத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 455,000 ரியால் வங்கியில் போட ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ நாடு முழுக்க எல்லோருக்கும். அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர், ஒரு நடுத்தரமான வீட்டுக்கு வருமானத்தில் ஏறக்குறைய 29 சதவீதம், அதனால் சின்னத் தொகை என்று தள்ள முடியாது. அங்கேயும் அதே புலம்பல்தான், கிராமத்தில் ஆள் வருவதில்லை, எல்லோரும் அரசாங்கப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று. பொருளாதார நிபுணர்கள் இருவர் அரசின் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுகளில் இருக்கும் இளைஞர்கள் மட்டும் கொஞ்சம் விலகியதாகத் தெரிந்தது, மற்றவர்களிடம் வேலை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை, சேவைத் தொழிலில் இருந்தவர்கள் சொல்லப்போனால் கூடுதல் நேரம் வேலை செய்தார்கள். பின்னால் பணவீக்கம் வந்து அந்தத் தொகையையே தின்றுவிட்டது, அது வேறு சோகம்.

யார்தான் வேலையைக் குறைக்கிறார்கள்?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் டாஃபின் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 10,000 பேர். 1974-லிருந்து ஐந்தாண்டுத் திட்டமாக, வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அரசு ஈடுகட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆட்சி மாறியது, பணமும் தீர்ந்தது, முடிவை அலசாமலேயே தாள்களை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள், சுமார் 1,800 பெட்டி. பல வருடம் கழித்து எவலின் ஃபார்ஜெட் என்ற பேராசிரியை அந்தக் காலத்து மருத்துவ, பள்ளிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். வேலையைக் கண்ணில் படும்படி குறைத்தவர்கள் இரண்டு கூட்டம்: கைக்குழந்தைக்காரிகள், அப்புறம் பதின்வயதுப் பையன்கள். அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அதற்கு முன்பு வீட்டுக் கஷ்டத்துக்காக 11-ம் வகுப்போடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்கள், இப்போது 12-ம் வகுப்பை முடித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் எண்ணிக்கையும் 8.5 சதவீதம் குறைந்தது.

பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஆறு மாதம் வீட்டில் இருந்தால் கணக்கில் அது ‘உழைப்பு குறைந்தது’ என்று ஏறும். ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன், விடுங்கள்.

அமெரிக்காவில் 70-களிலேயே செய்து பார்த்துத் தோற்றுப்போனது என்று சொல்கிறார்களே?

செய்து பார்த்தது உண்மை, தோற்றது என்பது அரசியல். 1968-ல் நியூ ஜெர்சியில் ஆரம்பித்து, அயோவா, வட கரோலினா கிராமப்புறம், கேரி, சியாட்டில், டென்வர் என்று போனது. வருடத்துக்கு எவ்வளவு வேலை குறைந்தது என்று சராசரி பார்த்தால் குடும்பத் தலைவர்களிடம் இரண்டு வாரம், மனைவிமார்களிடம் மூன்று வாரம், வீட்டில் இருக்கும் இளைஞர்களிடம் நாலு வாரம் என்ற அளவில் வரும். வேலையை அடியோடு விட்டுப் போன கூட்டம் என்று எதுவும் இல்லை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அது உண்மையில் அடிப்படை வருமானம் இல்லை. நீங்கள் ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால் உதவித்தொகையில் 30 சென்டோ 50 சென்டோ 70 சென்டோ பிடித்துக்கொள்வார்கள். நம் ஊர்க் கணக்கில் 400 ரூபாய்க் கூலிக்குப் போனால் அதில் 200 ரூபாய் வேறு வழியில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், போவீர்களா? மேலே நினைவில் வையுங்கள் என்று சொன்னேனே, அது இதுதான். சம்பாதித்தால் வெட்டுகிற எந்த உதவியும், போகாதே என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, சம்பாதித்தது தெரிந்தால் உதவி குறையும் என்பதால் சிலர் சம்பாதித்ததை மறைத்தார்கள். கேரி போன்ற இடங்களில் பிறகு அரசுப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தபோது, வேலையை விட்டதாகத் தெரிந்த சிலர் வேலையில்தான் இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் அதிபர் நிக்சனே 1969-ல் இதுபோன்ற ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். கீழவையில் அது நிறைவேறியது, செனட்டில் செத்தது. அதற்கு முன்பே அவருடைய ஆலோசகர் ஒருவர், இங்கிலாந்தில் 1795-ல் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற இடத்தில் ரொட்டி விலைக்கு ஏற்பக் கூலியை ஈடுகட்டிக் கொடுத்ததில் ஏழைகள் கெட்டுப்போனார்கள் என்று ஒரு குறிப்பை அவர் மேஜையில் வைத்தார். அந்தக் கெட்ட பேர் பெரும்பாலும் 1834-ல் ஏழைகளுக்கான உதவியை வெட்டுவதற்காகவே எழுதப்பட்ட ஓர் அறிக்கையிலிருந்து வந்தது, அதன் லட்சணத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கிழித்துப் போட்டார்கள். நூற்று முப்பத்தைந்து வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், அந்தப் பழைய அறிக்கை தன் வேலையை மறுபடி ஒருமுறை செய்தது.

பின்லாந்தில் நிறுத்திவிட்டார்களாமே?

நிறுத்தவில்லை, முடிந்தது. முதலிலேயே இரண்டு வருடம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள், 2017, 2018. வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, வேலை கிடைத்தாலும் அது தொடரும். பணம் வாங்காத மற்ற வேலையற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் இரண்டாம் வருடத்தில் சராசரியாக 6 நாள் அதிகம் வேலை செய்தார்கள். நடுவில் 2018-ல் வேலையற்றோருக்கான விதிகளையே அரசு மாற்றிவிட்டதால் அந்த ஆறு நாளில் எவ்வளவு இந்தப் பணத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மனநிலையும் நம்பிக்கையும் தெளிவாகவே நன்றாக இருந்தன. பெரிய வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

குடித்தே தீர்த்துவிடுவார்களே?

டாஸ்மாக் இருக்கும் ஊரில் இந்தப் பயம் இயல்பு. உலக வங்கிக்காக இருவர், ஏழை நாடுகளில் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், சாராயம், புகையிலைச் செலவு ஏறவில்லை, சில இடங்களில் குறைந்தே இருந்தது. குடிக்கிறவன் காசு இல்லாவிட்டாலும் குடிப்பான், பொண்டாட்டி தாலியை வைத்துக் குடிப்பான் என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வது இதைவிடச் சுருக்கமான ஆய்வு. பணத்தைப் பெண்ணின் கணக்கில் போடுவது நல்லது என்பது என் கட்சி.

இரண்டு வருடத்தில் நின்றுவிடும் என்று தெரிந்தால் யாரும் வேலையை விடமாட்டார்கள். ஆயுளுக்கும் கொடுத்தால்?

சோதனைகள் மேல் வைக்கிற குறைகளிலேயே வலுவானது இது. முழு பதில் இன்னும் யாரிடமும் இல்லை, ஆனால் கிட்டத்தில் வருகிற இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று அலாஸ்கா. எண்ணெய் வருமானத்தை ஒரு நிதியில் போட்டு, அதன் லாபத்திலிருந்து 1982 முதல் வருடாவருடம் அங்கே வசிக்கும் எல்லோருக்கும் பங்கு கொடுக்கிறார்கள், கைக்குழந்தைக்கும் உண்டு. முதல் வருடம் 1,000 டாலர், 2022-ல் 3,284 டாலர். நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு தலைமுறையே அதில் வளர்ந்துவிட்டது. அங்கே வேலையில் இருப்பவர்களின் விகிதம் இதனால் குறையவில்லை என்று ஆய்வு சொல்கிறது, பகுதி நேர வேலை மட்டும் 1.8 சதவீதப் புள்ளி கூடியது. ஒரு காரணம் சுவாரசியமானது: சிலர் வேலையைக் குறைத்தாலும், எல்லோர் கையிலும் பணம் வந்து கடைகண்ணிகளில் செலவாகும்போது அந்தக் கடைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டுவாடா ஆனதும் தி.நகரில் துணிக்கடைகள் கூடுதல் ஆள் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தனித்தனியாக ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் இந்த விளைவு தெரியவே தெரியாது.

இன்னொன்று கென்யா. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் சில கிராமங்களில் பெரியவர்கள் எல்லோருக்கும் நாளுக்கு 75 சென்ட் கணக்கில் மாதாமாதம் 12 வருடத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்கிறது, வேறு சில கிராமங்களில் இரண்டே வருடம், வேறு சிலவற்றில் மொத்தமாக ஒரே தடவை சுமார் 500 டாலர். நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் சேர்ந்து செய்த ஆய்வின் முதல் இரண்டு வருட முடிவு 2023-ல் வந்தது. சோம்பேறித்தனம் தெரியவில்லை. கூலி வேலை குறைந்து சொந்தத் தொழில் கூடியிருந்தது, மத்தியப் பிரதேசத்தில் பார்த்த அதே படம். 12 வருடம் வரும் என்று தெரிந்தவர்கள் கால் நீட்டிப் படுத்துவிடவில்லை, சீட்டுப் போட்டு மொத்தமாக எடுத்துத் தொழிலில் போட்டார்கள்.

லாட்டரி விழுந்தவர்கள் வேலையை விடுகிறார்களே?

லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்துவிட்டதால் நம்மிடம் கணக்கு இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் பரிசை 20 வருடத் தவணையாகக் கொடுத்தார்கள், அது அடிப்படை வருமானம் மாதிரியே இருப்பதால் பொருளாதார நிபுணர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பரிசுப் பணத்தில் ஒவ்வொரு டாலருக்கும் சொந்தச் சம்பாத்தியத்தில் சுமார் 11 சென்ட் குறைந்தது. மிச்ச 89 சென்டுக்கான சம்பாத்தியத்தை அவர்கள் விடவில்லை.

மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு நம் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்கிறார்களே?

2023 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்தபோது 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அப்படியென்றால் இது மூன்று நாள் கூலி. மூன்று நாள் கூலிக்காக முப்பது நாள் வேலையை விடுகிற பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டர் ஒன்று எடுத்தால் மிச்சம் கொஞ்சம்தான்.

எனக்கு இதில் இருக்கும் கவலை வேறு. குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. ஒரு பெண் கம்பெனி வேலைக்குப் போய், புருஷன் சம்பளத்தோடு சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டினால் 1,000 ரூபாய் மொத்தமாகப் போய்விடும். நடைமுறையில் கூலிக்காரர் வருமானத்தை யாரும் துல்லியமாக அளப்பதில்லை என்பதால் இது பெரிதாகக் கடிக்கவில்லை. ஆனால் பிஎஃப் பிடித்து, சம்பளச் சீட்டு கொடுக்கிற முறையான வேலைக்குப் போகிறவர்தான் முதலில் கண்ணில் படுவார், அது தலைகீழாக இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம்?

தனிப் பக்கமே எழுத வேண்டிய விஷயம். ஒரு எண் மட்டும் சொல்கிறேன். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில், அப்போது தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். ஆளுக்கு வருடம் 7,620 ரூபாய், நாட்டில் 75 சதவீதம் பேருக்குக் கொடுத்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவீதம் ஆகும் என்று கணக்கு. மாதத்துக்கு 635 ரூபாய். அதற்கே அவ்வளவு. ரேஷனை எடுத்துவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அரிசிக்கு விலை ஏறினால் என்ன, அது அரிசியாகவே வருகிறது. 635 ரூபாய் அப்படியா?

சரி, உங்களுக்கு மாதம் 10,000 கொடுத்தால் நீங்கள் வேலையை விடுவீர்களா?

விடமாட்டேன் என்றுதான் சொல்வேன், சுவிஸ்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் நேர்மையாக யோசித்தால், பகல் வேலையை விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாத்திரக்கடைக்குப் போய் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன், மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது, அதை நிச்சயம் விட்டுவிடுவேன். கடைக்காரர் நல்ல மனுஷன், மத்தியானம் சாப்பாடு அவர் வீட்டில்தான். அவர் வேறு ஆள் தேட வேண்டியிருக்கும், 4,000 ரூபாய்க்கு அப்போது யாரும் வரமாட்டார்கள், ஆள் கிடைக்கவில்லை என்று அவரும் டீக்கடையில் சொல்வார்.